காவலன் விடங்கனின் வலக்கை

திரு நிலைக்க. மழை பிழையாத பொன்னரம்பை நாட்டுக்கும் அதன் ஏழு கோட்டைகளுக்கும் குடை நிழல் தரும் பெருங்கோ சேந்தனார் திருமுன்னர், அலைவாய்த்துறையில் தங்கியிருக்கும் தங்கள் முதலமைச்சன், பேரேனாதி எயினன் பொழிலன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அரண்மனையும் ஆனைப்பந்தியும் நலமாயிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. இடத்தோளில் வேல் பாய்ந்த காயம் இன்னும் ஆறவில்லை; அதைவிட மனம் குழம்பிக் கிடக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாள்களுக்கு முன், உச்சிப்பொழுதில், வணிகர் வேடமிட்டுப் படகில் வந்த கொள்ளையர் அறுவர் துறைக் கடைத்தெருவில் வாளை உருவினர். வெயில் தாளாமல் தலைப்பாகையையும் மேலாடையையும் கழற்றிப் பணியாளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, நான் வெற்றுடம்போடு ஒரு வெற்றிலைக் கடையில் நின்றிருந்தேன். கொள்ளையரில் ஒருவன் கடைக்காரப் பெண்ணின் மேல் பாய, அவனை எடைக்கல்லால் அடித்து வீழ்த்தி, அவனது வளைவாளை நான் எடுத்துக்கொண்டேன். அறுபது வயதில் இது வேண்டாத வேலைதான். ஆனாலும் பெருமையாக இருந்தது.

சற்று நேரத்தில் கொம்பு ஊதிற்று. தங்கள் காவற்படை ஓடிவந்தது. விடங்கன் என்னும் காவலன் என்னைப் பார்த்து ஆயுதத்தைக் கீழே போடும்படி அதட்டினான். என்னையா அதட்டுகிறான் என்று எனக்குச் சினம் பொங்கிவிட்டது. வாளும் கையுமாக அவன் பக்கம் திரும்பி, நான் இன்னார் என்று என் விருதுப் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது பெயர் வாயில் வருமுன் வேல் வந்துவிட்டது.

அரச அலுவலரின் இரத்தம் சிந்தச் செய்தவனுக்கு வலக்கை போகும் என்பது சட்டம். அதை எழுதியவனும் நானே. அதன்படி வரும் நிறைமதி நாளில் விடங்கனின் கையை வெட்டத் தாங்கள் ஆணையிட்டிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொள்ளையனின் வாளைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்கும் கிழவனை அமைச்சன் என்று அவன் எதைக் கொண்டு அறிவான்? வாளைத் தரையில் போட்டு, வெறுங்கைகளைக் காட்டி, அசையாமல் நின்று, சொன்னபடி கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். பெயரைப் பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் கொள்ளையர் இன்னும் துறையில் திரிகையில் வாளை விட்டவன் கதி என்ன? காலையில் ஒன்று சரியென்று படுகிறது, மாலையில் வேறொன்று சரியென்று படுகிறது.

தெளிவு பெறலாம் என்று நேற்றுச் சிறைக்கு நானே போனேன். மன்னிக்கப் போகிற பெரிய மனிதனாக என்னை எண்ணிக்கொண்டு போனேன் என்பதையும் மறைக்கவில்லை. விடங்கன் என் காலில் விழவில்லை. இளநீர் விற்கும் ஆதனைத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன்.

கொள்ளையர் வந்தபோது அந்த ஆதன், இளநீர் சீவும் அரிவாளோடு குறுக்கே பாய்ந்து, தெருவில் சிக்கிய பெண்டு பிள்ளைகளைக் கோயிலுக்குள் அனுப்பிக் கதவை அடைத்துவிட்டு வாயிலில் நின்றிருக்கிறான். காவலரைக் கண்டதும், கொள்ளையர் எந்தப் பக்கம் ஓடினர் என்று கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். நீட்டிய கையில் அரிவாள் இருந்தது. தன்மேல்தான் ஓங்குகிறான் என்று எண்ணி விடங்கன் வேலை எறிந்தான். ஆதன் அங்கேயே இறந்தான். என்மேல் பாய்ந்தது அதற்குப் பின் எறிந்த வேல்.

அவன் சொன்னதை அவன் பேசியபடியே எழுதுகிறேன்: “ஐயாவோட தோளுக்கு என் கையைக் கேக்குறாங்க. சரி, வெட்டட்டும். ஆதன் உசுருக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே ஐயா. அவரு பெண்சாதி தினமும் சிறைவாசல்ல வந்து நிக்குது. எதுக்காக என்னைத் தண்டிக்கிறாங்கன்னு அதுகிட்ட நான் என்ன சொல்ல?”

பெருமானே, இந்த ஒன்பது நாளும் துறை முழுவதும் என் தோளைப் பற்றியே பேசிற்று. மருத்துவர் மூவர் வந்தனர். தாங்களும் நலம் கேட்டு ஓலை விடுத்தீர்கள். அதே தெருவில் என்னைவிட நல்ல காரியம் செய்த ஒருவன் செத்துக் கிடந்தது என் காதுக்கே எட்டவில்லை. வெட்கமாக இருக்கிறது. வெளியே வந்தபோது அந்தப் பெண் நின்றிருந்தாள். நான் யாரென்று சொல்லத் துணிவில்லாமல் குனிந்தபடியே கடந்து வந்துவிட்டேன்.

விடங்கனை விடுவிப்பதா தண்டிப்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆதனின் இறப்பு வழக்காக எழுதப்படுக. அவன் மனைவியை அவையில் அமர்த்திக் கேட்ட பின்னரே தீர்ப்பு உரைக்கப்படுக. அதுவரை காவலனின் கையில் இரும்பு படலாகாது என்று சிறைத்தலைவனுக்கு என் முத்திரையோடு ஆணை அனுப்பிவிட்டேன். தங்கள் சொல்லை மீறிய குற்றம் என்னுடையது, அதற்குரியதை ஏற்கிறேன். தண்டனையோ விடுதலையோ, என் தோளின் பேரால் வேண்டாம். ஆதனின் பேரால் ஆகுக. இது எயினன் பொழிலன் எழுத்து. யாளி முத்திரை இட்டது.