வெள்ளைத்தாயிடம் சொல்லாதது

பிப்ரவரி 11

மகன் ஜெயக்குமார் கண்மாய்ப் பக்கமிருந்து வந்தான். வாயில் பீர் வாடை. பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை. கேட்டதும் மறைக்கவில்லை, கூடப் படிக்கிற ஹரியும் நானும் குடித்தோம், முன்பும் குடித்திருக்கிறோம் என்றான். அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார். நான் குறுக்கே போகவில்லை. ஏன் போகவில்லை?

அடித்து ஓய்ந்த பிறகு என்னிடம் சொன்னார்: "வெளிய மூச்சு விடாத. ஹரி வீட்டுலயும் சொல்லாத. நம்ம பேரும்தான் சேந்து நாறும்."

பிப்ரவரி 12

ஹரியின் அம்மா வெள்ளைத்தாயோடுதான் இன்று பருத்தி எடுத்தேன். ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 27

வாடையே இல்லை. திருந்திவிட்டான் என்கிறார் அவர். எங்களோடு பேச்சும் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஹரியின் வண்டியில் போய்விடுகிறான் — விருந்தாளி மாதிரி.

மார்ச் 10

ஹரி இறந்துபோனான்.

மார்ச் 13

பந்தல்குடி ரோட்டில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் மோதியிருக்கிறார்கள். வண்டியை ஓட்டியது ஹரி. இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். ஜெயக்குமாருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

இன்றுதான் வாய் திறந்தான். "ஊருக்குள்ள குடிச்சா அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னுதாம்மா அம்புட்டுத் தூரம் போனோம்."

அவன் அப்பா டீயோடு பின்னாலேயே நின்றார். அப்படியே வெளியே போய்விட்டார்.

ஏப்ரல் 2

வெள்ளைத்தாய் வீட்டுக்குப் போனேன்.

"ஒனக்கு முந்தியே தெரியுமா, தங்கம்?"

தெரியும் என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா வண்டிச் சாவியவாச்சும் பிடுங்கி வச்சிருப்பனே."

அவள் அழவில்லை. எந்திரிச்சு வந்துட்டேன். எப்படி வீடு வந்து சேந்தேன்னே தெரியல.

ஏப்ரல் 20

இன்று அவர் பையனின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னத்துக்குலே குடிச்ச?" என்று கேட்டார். அன்று அடித்தபோது கேட்கவே இல்லை. பையன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான் — கணக்கு மண்டையில் ஏறவில்லையாம், பரீட்சையில் தேறமாட்டோம் என்று பயமாம், குடித்தால் கொஞ்ச நேரம் மறந்திருக்குமாம். எங்களிடம் சொல்லவும் பயமாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

மே 9

பக்கத்துத் தெரு மாரிக்கனியின் மகன் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் குடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். நேராக அவர்கள் வீட்டுக்கே போனார். உன் மகனை வளர்த்த லட்சணம் தெரியாதா, ஹரியைச் சாகடித்தது போதாதா என்று மாரிக்கனி ஏசியது எங்கள் வீடு வரை கேட்டது.

திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"சொல்லிட்டேன்" என்றார். "அடிக்காதீகன்னும் சொல்லிட்டேன்."