எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை

டிசம்பர் 11, புதன்

இன்று எனக்கு மறுபடியும் காய்ச்சலாம். கீழே சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் முட்டைக்கோஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். மேலே மூன்றாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பாங், "ஷான் டீச்சருக்கு உடம்பு சரியில்ல. கணக்கு நோட்டை எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓவிய வகுப்பு போச்சு.

ஜனவரிப் பரீட்சை நெருங்கினால் ஓவிய டீச்சருக்கு நோய் வருவது இந்த நாட்டு வழக்கம். பாட்டு டீச்சருக்கும் வரும். கணக்கு வாத்தியாருக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. நான் பிள்ளையாக இருந்தபோது என் ஓவிய டீச்சருக்காக அழுதிருக்கிறேன். பாவி, அவளும் கீழே சூப் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்!

டிசம்பர் 12, வியாழன்

மைனஸ் இருபத்தைந்து டிகிரி. பிள்ளைகளோடு வாளித் தண்ணீரை உறையவைத்து ஐஸ் விளக்கு செய்யப் பிரமாதமான குளிர். நாளைக்கே ஆரம்பித்துவிட வேண்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

கோபம் இன்னும் ஆறவில்லை.

காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து வாளி கொண்டுவந்தார்கள். யிநான் கொண்டுவந்தது அவள் அம்மா முட்டைக்கோஸ் ஊறப்போடும் வாளி, நாலு தெருவுக்கு மணக்கும். வண்ணத் தண்ணீர் ஊற்றி, முற்றத்தில் வரிசையாக வைத்தோம். ஓரம் மட்டும் உறைந்திருக்கும் பதத்தில், மாலை பீரியடில் மேலே ஓட்டை போட்டு நடுத்தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அந்தக் குழிக்குள்தான் மெழுகுவத்தி. நேரம் தப்பினால் முழுக்கட்டி. விளக்கு இல்லை, வெறும் பாறாங்கல்.

எனக்கு மறுபடி காய்ச்சல் என்று சொல்லி, மாலை பீரியடை பாங் எடுத்துக்கொண்டார். நானே போய்க் கொட்டிவிடலாம் என்று கிளம்பினால் தலைமையாசிரியர் லுவான் வழிமறித்தார். கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்களாம், வரவேற்புப் பலகை எழுத வேண்டுமாம். வரைகிறவள் என்றால் பலகை எழுதத்தானே! முடித்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. எல்லா வாளியும் அடிவரை உறைந்துவிட்டது. பாதி வாளிகள் வெடித்தும் போயின. யிநானுடையதும்தான்.

திங்களன்று அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இந்த வேலையே வேண்டாம் என்று இருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும். சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது, அழுகையும் வருகிறது.

காலையில் ஆசிரியர் அறையில் லுவான் இருந்தார், பாங்கும் இருந்தார். கதவு திறந்தது. மூன்றாம் வகுப்பு மொத்தமும் உள்ளே வந்தது. ஒவ்வொரு கையிலும் சர்க்கரைப் பாகில் போட்ட மஞ்சள் பீச் பழ பாட்டில் ஒன்று. இந்தப் பக்கத்தில் காய்ச்சல்காரருக்கு அதுதான் முதல் மருந்து, டாக்டரெல்லாம் அப்புறம்தான். ஒருவர் பின் ஒருவராக என் மேசையில் வைத்தார்கள். இடம் போதாமல் பாங்கின் மேசையிலும் வைத்தார்கள்.

லுவான் பதறிப்போனார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"எனக்குத்தான் சார். ஒரு மாசமா படுத்த படுக்கை."

"நீங்க தினமும் ரெண்டு கிண்ணம் சூப் குடிக்கிறீங்களே!"

பாங் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் இன்னும் நாலு வார்த்தை சூடாகக் கேட்டிருப்பேன். அதற்குள் யிநான் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், வெள்ளிக்கிழமை எங்களோட வெளியில நின்னீங்களே, அதனாலதானே காய்ச்சல் வந்துச்சு? இனிமே வாளி வேணாம். நீங்க உள்ளயே இருங்க."

வாளி உடைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! எவ்வளவு கோபமாக இருந்தேன், எல்லாம் எங்கே போயிற்று? பாங்கைப் பார்த்தேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் இருக்கேன். ஒருநாள்கூட நோய் வந்ததில்ல" என்றேன். பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி பாங்கைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை வரைய எனக்குத் திறமை போதாது.

பிறகு லுவானிடம் நேராகக் கேட்டேன். வரும் வெள்ளிக்கிழமை முழுநாளும் இந்த வகுப்பு முற்றத்தில் என்னோடு இருக்க வேண்டும். பரீட்சையில் இந்த வகுப்பின் கணக்கு மார்க் இறங்கினால், அடுத்த பருவம் முழுக்க நானே நோயாளி. ஓவியப் பீரியட் எல்லாம் பாங்குக்கு. இறங்காவிட்டால் என் பீரியட் பக்கம் யாரும் வரக்கூடாது.

"என்ன பாங், சரியா?" என்றார் லுவான்.

"மார்க் இறங்கும் சார்" என்றார் பாங். ஆனால் சரி என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனா? நம் பிள்ளைகள் அடுக்கி வைத்த பாட்டில்களைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஐஸ் விளக்கு நாள். பீச் பாட்டில்களைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் தின்றோம். மிச்சப் பழத்தை வாளித் தண்ணீரில் போட வேண்டும் என்றது யிநானின் யோசனை. மாலை வாளியைக் கவிழ்த்து வெந்நீர் ஊற்றி உருவினால், ஐஸ் சுவருக்குள் மஞ்சள் பீச் துண்டுகள்! ஒன்றுகூட உறைந்து வீணாகவில்லை. முற்றத்தின் நிழல் பக்கம் அடுக்கிவிட்டோம்.

பாங் மாடி ஜன்னலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

ஜனவரி 8, புதன்

கணக்குப் பரீட்சை. தூரிகைகளைக் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். மார்க் இறங்கினால் என்ன செய்வேன்?

ஜனவரி 10, வெள்ளி

இறங்கவில்லை! ஏறவும் இல்லை. எப்போதும் போல இரண்டாம் இடம். பாங் தாளை மூன்று முறை புரட்டிப் பார்த்தார். நான் பாட்டே பாடியிருப்பேன், மானம் கருதி அடங்கினேன்.

மாலை பெற்றோர் கூட்டம். நாலு மணிக்கே இருட்டு. வாசலிலிருந்து படிக்கட்டு வரை இரு பக்கமும் விளக்குகளை ஏற்றி வைத்தோம். பீச் துண்டுகளுக்குப் பின்னால் வெளிச்சம். மார்க் கேட்க அவசரமாக வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "எங்க பொண்ணு செஞ்சது எது? எங்க பையனோடது?" என்று குனிந்து குனிந்து தேடினார்கள். உள்ளே வரச் சொல்லி லுவான் ஒலிபெருக்கியில் கத்தினார். யாரும் அசையவில்லை. கடைசியில் அவரும் வெளியே வந்தார்.

யிநானின் அம்மா என்னிடம் வந்தாள். "அந்த உடைஞ்ச வாளி..." என்று ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அடுத்த வருஷத்துக்குப் பெருசா ஒண்ணு வாங்கியிருக்கேன்" என்றாள்.

ஜெயித்துவிட்டேன். வேறென்ன எழுத?

மார்ச் 6, வியாழன்

இந்த முறை நிஜமாகவே காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. காலையில் பாங்குக்கு போன் செய்து சொன்னேன்.

பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல். "பொய்! பொய்!" என்று மேசையைத் தட்டுகிறார்கள்.

"டீச்சர், கொஞ்சம் இருமிக் காட்டுங்க. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

இருமினேன். வகுப்பு அடங்கியது.

"போதும், போதும். இங்க பாருங்க, பச்சை காலியாயிடுச்சு. எதோட எதைக் கலக்கணும்?"

அப்போதுதான் கவனித்தேன். அவர் சட்டைக் கையெல்லாம் நீலம்.

"மஞ்சளோட கொஞ்சம் நீலம்" என்றேன்.

"கொஞ்சம்னா எத்தனை பங்கு?"

"பிள்ளைங்களையே கேளுங்க சார், அவங்களுக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்; சாயங்காலம் மெல்ல எழுந்து, காலையில் வந்த பாலை எடுக்க வாசலுக்குப் போனேன். கதவுப் பிடியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மஞ்சள் பீச் பாட்டில். மூடியில் நீலப் பெயிண்ட் படிந்த பெரிய விரல் ரேகை.