தம்பியின் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், அம்மா மூவரும் நலம். நீ நலமாக இருப்பதை உன் கம்பெனி விளம்பரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கோட்டு உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. தோள்பட்டை கொஞ்சம் தொளதொளவென்று தெரிவதாக அம்மாவிடம் சொன்னேன். "ஆபரேஷன் ஆனது எனக்கு, கண்ணு தெரியாதது உனக்கா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஊருக்கெல்லாம் மின்னஞ்சல் கொடுக்கிற தொழிலை வைத்துக்கொண்டு தபாலில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. முதலில் மின்னஞ்சல்தான் அனுப்பினேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியதற்கு, "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, எங்கள் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார்" என்று பதில் வந்தது. கூடவே, புகாருக்குப் போடுவதுபோல ஒரு டிக்கெட் நம்பர். மறுநாள் யாரோ ஒரு பெண், உங்கள் பிரச்சினை தீர்ந்ததா, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தாள். ஒன்று கொடுத்தேன். பெற்ற தாயின் கண்ணுக்கே டிக்கெட் நம்பர் போடுகிற கம்பெனிக்கு ஒன்றே அதிகம்.

"சிறந்த பத்து ஹோஸ்டிங் கம்பெனிகள்" பட்டியலில் உனக்கு முதலிடமாம். அம்மா அதை உன் அத்தானிடம் சொல்லி அச்செடுத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போனாலும் உன் பெயர், தண்ணீர் எடுக்கப் போனாலும் உன் பெயர். அந்தப் பட்டியலை எழுதுகிறவர்கள் ஒரு சர்வரைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. யார் அதிகம் கமிஷன் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு மேலிடம். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியாது, சொன்னாலும் நம்பமாட்டாள். என்னிடமும் வந்து கேட்டார்கள். மாட்டேன் என்றேன். மாட்டேன் என்றவள் பத்தாவது இடத்தில்கூட இல்லை.

பொறாமைதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயிறு எரிகிறது.

அடுத்தவர்களின் இணையதளங்களை நம் சர்வரில் குடிவைத்து வாடகை வாங்குகிற தொழில், அவ்வளவுதானே நாம் செய்வது? அதை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான். அச்சகத்து மாடி அறையில், ஃபேன் காற்று சர்வருக்கு, நமக்கு ஜன்னல் காற்று என்று உட்கார்ந்திருந்தோமே. இன்றும் நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். ஃபேன் மட்டும் மாறியிருக்கிறது. நீயோ "அளவில்லா இடம்" என்று விற்கிறாய். அளவில்லாத ஹார்ட் டிஸ்க்கை எந்தக் கடையில் வாங்கினாய் என்று சொன்னால் நானும் ஒன்று வாங்கிக்கொள்வேன். யாரும் முழுதாகப் பயன்படுத்தமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே ஒரே அறையை நூறு பேருக்குக் கொடுக்கிறாய்? உன் வாடகையைக் காட்டி என் வாடிக்கையாளர்கள் என்னைக் கேள்வி கேட்கிறார்கள். தையல் கடைக்காரர் பாஸ்வேர்டை மறந்தாலும் என் குற்றம், டியூஷன் மாஸ்டர் தன் முகப்புப் பக்கத்தைத் தானே அழித்தாலும் என் குற்றம். போன மாதம் எவனோ ஒருவன் என் சர்வரிலிருந்து குப்பை மெயில் அனுப்பித் தொலைத்தான். அதனால் இப்போது நான் அனுப்புகிற பில்கூட வாடிக்கையாளர்களின் ஸ்பேம் பெட்டியில் போய் விழுகிறது. உனக்கு இந்தத் தலைவலியெல்லாம் பார்க்க ஒரு மாடி நிறைய ஆள். நான் முதலாளி, நானே தொலைபேசி எடுப்பவள், தரை பெருக்குவதும் நானே.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பல் டாக்டர் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. நம் முதல் வாடிக்கையாளர். அவருடைய சிரிப்புப் படத்தை முகப்பில் வைக்க நீயும் நானும் எத்தனை சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? மனிதர் படியேறி வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "தம்பிகிட்ட மாறிக்கலாம்னு இருக்கேம்மா. ஒரே குடும்பம்தானே, நீங்களே மாத்திக் கொடுத்துடுங்களேன்" என்றார். கோபத்தைக்கூடக் காட்ட முடியாமல் நானே மூட்டை கட்டி, நானே உன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். உன் ஆட்களிடமிருந்து "வெற்றிகரமாக இடம்பெயர்க்கப்பட்டது" என்று ஒரு வரி வந்தது.

அன்றைக்குத்தான் உன் பெட்டியின் கேபிளைப் பிடுங்கினேன்.

நீ தனியாகப் போன நாளில் பேசிக்கொண்டது மறந்திருக்காது. உன் பேக்கப் என்னிடம், என் பேக்கப் உன்னிடம். ஒரு ஊரில் தீப்பிடித்தாலும் இன்னொரு ஊரில் ஒரு நகல் இருக்கும் என்று. உன் சர்வரில் இருப்பதெல்லாம் தானாகவே வந்து என் அலமாரியில் இருக்கும் பெட்டியில் சேரும். பூட்டு உன்னுடையது, உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்க முடியாது. அளவு மட்டும் திரையில் தெரியும். தினமும் காலையில் டீயோடு அதைத்தான் முதலில் பார்ப்பேன். சமையலறையிலிருந்து அம்மா கேட்பாள்: "தம்பி எப்படி இருக்கான்?" நான் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் குண்டாயிட்டான்" என்பேன். அவள் சிரிப்பாள். எனக்கு டீ கசக்கும். நீ குண்டாகக் குண்டாக, பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டதும் நான்தான். இப்போது என் கடையிலேயே பெரிய பொருள் உன் பெட்டி. பல் டாக்டர் போன அன்று அந்த எண் இன்னும் கொஞ்சம் ஏறுவதைப் பார்க்க மனசு வரவில்லை. பிடுங்கிவிட்டேன். அம்மா கேட்டால் குத்துமதிப்பாக ஏதோ சொல்லிவைக்கிறேன்.

இப்போது உன் புது மேலாளர் எழுதியிருக்கிறார். கம்பெனியின் புதிய கொள்கைப்படி வெளியாருடன் பேக்கப் மாற்றிக்கொள்வது நிறுத்தப்படுகிறதாம். உங்களிடம் இருக்கும் எங்கள் நகலை அழித்துவிடுங்கள், எங்களிடம் இருக்கும் உங்கள் நகலை நாங்கள் அழித்துவிடுவோம் என்கிறார். வெளியாராம்! இதை நீ சொன்னாயா, அவராகவே எழுதினாரா? நீ உன் கையால் ஒரு வரி எழுதினால் அழிக்கிறேன். மேலாளர் சொல்லி என் வீட்டுப் பெட்டியை நான் தொடமாட்டேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கோட்டுக்குள்ளே ஸ்வெட்டர் போடச் சொன்னாள்.

இப்படிக்கு,
எந்தப் பட்டியலிலும் இல்லாத
உன் அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

இதைக் கொண்டுவருபவர் உன் அத்தான். முதலில் அவர் மடியில் இருக்கும் பையை வாங்கிக்கொள், அதைத் தரையில் வைக்காதே. அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடு. வழியில் பையைவிட்டு எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், பட்டினியாகத்தான் வந்திருப்பார். பிறகு இதைப் படி.

உன் கம்பெனி விழுந்த செய்தி எனக்கு வாடிக்கையாளர்கள் மூலமாகத்தான் வந்தது. என்னை விட்டு உன்னிடம் போனவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். உன் முகப்பில் "திட்டமிட்ட பராமரிப்புப் பணி" என்று போட்டிருந்தது. நம் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பலகையை நானும் எத்தனை முறை மாட்டியிருக்கிறேன். சந்தோஷப்பட்டேன், தம்பி. டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொண்டேன். பல் டாக்டர் கூப்பிட்டு, "தம்பி கடையைச் சாத்திட்டாராம்மா?" என்றபோது, "எனக்கென்ன தெரியும் டாக்டர், அது பெரிய இடத்து விஷயம்" என்றேன். அந்தப் பதிலை நானே ரசித்தேன்.

பிறகு கண்ணாடி கூப்பிட்டான். நம்மிடம் வேலை பார்த்து, பிறகு நீ கூட்டிக்கொண்டு போன அதே சோடாபுட்டிக் கண்ணாடிப் பையன்தான். சர்வர் மேல் மழைத் தண்ணீர் ஒழுகியபோதுகூடச் சிரித்துக்கொண்டே குடை பிடித்தவன், அழுதான். மேலாளர் என் நகலை அழிக்கச் சொன்னாராம். அழித்தவர்கள் என் நகல் இருந்த அறையோடு நிற்காமல், ஒரு படி மேலே நின்று மொத்த வீட்டையும் அழித்துவிட்டார்களாம். என்னுடைய துக்கடாவோடு உன் வாடிக்கையாளர்கள் மொத்தப் பேரும் போய்விட்டார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ஒரே அலமாரியில்தானே அடுக்கியிருந்தாய். பக்கத்து ஊரில் இருந்த இரண்டாவது அலமாரியும், இங்கே அழிந்ததைப் பார்த்து அதையும் அழித்துக்கொண்டதாம். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்வேன்: நிலைக்கண்ணாடியில் தெரிகிற முகம் இன்னொரு முகம் ஆகாது. முதலில் இருப்பது போனால் அதுவும் போகும்.

"அக்கா, உங்ககிட்ட இருந்ததும் போயிருக்கும். சார் அதான் உங்களுக்குப் போன் பண்ணலை. ரூம் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்கார். யாரையும் உள்ள விடலை" என்றான்.

அதற்கு மேல் என் பொறாமைக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கால் தானாக அலமாரிக்குப் போனது. அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "தம்பி எப்படி இருக்கான்? நீ சொல்லி நாளாச்சே?" அந்த எண்ணை ஒரு தடவை பார்த்தால் போதும், அம்மாவுக்கு உண்மையாக ஒரு பதில் சொல்லலாம் என்று, தொங்கிக்கொண்டிருந்த கேபிளை எடுத்துச் செருகப் போனேன். நுனி துளைக்குள் பாதி போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. செருகினால் பெட்டி முதல் வேலையாக உன் சர்வரைப் போய்ப் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை என்றால் இங்கேயும் ஒன்றுமில்லாமல் செய்துவிடும். கேபிளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் முன்னால் எனக்கு நல்ல புத்தி வந்திருந்தால், பாவம் தம்பி என்று நான் கேபிளைச் செருகியிருந்தால், உன் கதை முடிந்திருக்கும். உன்னைக் காப்பாற்றியது என் பாசம் இல்லை. வயிற்றெரிச்சல்தான். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

இவ்வளவையும் இணையத்தில் அனுப்பினால் எப்போது வந்து சேருமோ. உன் அத்தான் ரயிலில் கொண்டுவந்தால் அதைவிடச் சீக்கிரம். அதனால்தான் உன் பெட்டியை அந்தப் பையில் வைத்து அவரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். பூட்டின் சாவிச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது. கண்ணாடியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திற. முதலில் இதிலிருந்து ஒரு நகல் எடு, பிறகு வேலையை ஆரம்பி. மேலாளரை அந்த அறைப் பக்கம் விடாதே.

கேபிளைப் பிடுங்கிய நாள் வரைக்கும் இருந்ததுதான் இதில் இருக்கும். அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவர்கள் இருக்கமாட்டார்கள். பல் டாக்டர் இருக்கமாட்டார். கவலைப்படாதே. அவர் காலி செய்துகொண்டு போன பிறகும் அவருடைய பக்கங்களை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. சிரிப்புப் படம் முதற்கொண்டு அப்படியே இருக்கிறது. நேற்றே என் சர்வரில் எழுப்பி ஓடவிட்டேன். நீ எழுந்து நின்றதும் மறுபடி மூட்டை கட்டி அனுப்புகிறேன். இந்த முறை "வெற்றிகரமாக இடம்பெயர்க்கப்பட்டது" என்று உன் ஆட்கள் எழுதக் கூடாது. நீ எழுத வேண்டும்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அத்தான் வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்றேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் உன் முதலிடம் இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு மூலை பிரிந்து தொங்கியது. நான்தான் திரும்ப ஒட்டினேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, காற்றுக்குப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, எரிச்சலாக இருந்தது.

கதவைத் திறந்து வெளியே வா. முகம் கழுவு. வாடிக்கையாளர்களிடம் பராமரிப்பு, அது இது என்று சொல்லாமல் நடந்ததைச் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். பாதிப் பேர் போவார்கள், போகட்டும். மீதிப் பேர், நாம் அச்சகத்து மாடியில் ஆரம்பித்தபோது இருந்தவர்களைவிட அதிகம்தான். உன் அத்தானைத் திருப்பி அனுப்பும்போது பெட்டியையும் அவரிடமே கொடுத்தனுப்பு. அலமாரியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. காலையில் டீயை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். பழையபடி குண்டாக வேண்டும். இதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினாயா என்று உன் அத்தான் என்னைத் திட்ட வேண்டும், என் டீ கசக்க வேண்டும். அம்மா நாளைக்கும் கேட்பாள். அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் அனுப்பு.

உன் அக்கா