ஞாயிற்றுக்கிழமை கேட்ட இருமல்

கீழக்கரை
ஷவ்வால் பிறை 12
(அக்டோபர் 1942)

அருமை மகன் தாஹாவுக்கு, அல்லாஹ் உன் நெஞ்சுக்குச் சுகம் தரட்டும் என்று துஆ செய்து, உன் வாப்பா ஜெய்னுலாபுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுத முடியாத கடிதம் இது. நீ ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கிறாய் என்பது நினைவில் இருக்கிறது. அதனால் உட்கார்ந்துகொண்டு, மெதுவாகப் படி. நடுவில் இதைப் பிரித்துப் பார்க்கப்போகும் சென்சார் துரைக்குத் தமிழ் தெரியாவிட்டால் கூலிக்கு ஆள் பிடித்துப் படித்துக்கொள்ளட்டும். அவர் யுத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. என் வீட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பர்மா அரிசி நின்றுபோனதிலிருந்து இரண்டு வேளை கேப்பைக் கூழ்தான். கொழும்பில் குண்டு விழுந்த பிறகு கடற்கரைத் தெருவில் விளக்கு ஏற்ற விடுவதில்லை. ஆகஸ்டில் திருவாடானைப் பக்கம் ஜெயிலை உடைத்து, தந்திக் கம்பியை அறுத்து, போலீஸ் சுட்டுப் பெரிய ரகளை. தபால் எப்போது வரும் என்று தபால்காரருக்கே தெரியாது. என் சங்குக் கிட்டங்கி பூட்டிக் கிடக்கிறது. இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு தந்தி வந்தது. உன் மச்சான் நெய்னா முகம்மது வேலை பார்த்த கப்பலை எதிரி மூழ்கடித்துவிட்டானாம், அவன் இறந்துவிட்டதாகக் கருத வேண்டுமாம். என்ன தேதி, எந்தக் கடல், ஒன்றும் இல்லை. உன் உம்மா மாரில் அடித்துக்கொண்டு, ரெண்டு பேரும் ஒரே கப்பலாச்சே, எம் புள்ள என்ன ஆனான் என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நெஞ்சுக் கோளாறால் உன்னைச் சீமைக் கரையில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும், கப்பல் நீ இல்லாமல் புறப்பட்டதையும் ரஜபு மாதத்திலேயே கிட்டங்கி விலாசத்துக்கு நீ எழுதியிருந்தாய். உம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றும் எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. தாஹாவுக்குத் தந்தி வரவில்லையே, பிறகு ஏன் அழுகிறாய் என்று மட்டும் அதட்டினேன்.

புருஷன் போன சேதி கேட்டும் உன் தங்கச்சி சுலைகா அழவில்லை. அழுமூஞ்சி என்று நீ கேலி செய்த பிள்ளையா இவள் என்று இருந்தது எனக்கு. ஒரே கப்பலில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் எப்படித் தந்தி வரும், இது பொய்த் தந்தி என்றாள். உறவுப் பெண்கள் வந்து, அவள் இத்தா இருப்பதற்கு உள் அறையை ஒழித்து, நிலைக்கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். எம் மச்சான் உசுரோட இருக்கையில நான் எதுக்கு நாலு மாசம் பத்து நாளு வாசல் தாண்டாம கெடக்கணும் என்று கண்ணாடியைத் திரும்பவும் முன்பக்கமாகத் திருப்பிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அதட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டுப் பாக்கர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் வீட்டு ரேடியோவில் லண்டன் தமிழ் நிகழ்ச்சி ஆரம்பித்திருக்கிறது, நம் பக்கத்துக் கப்பல்காரர்கள் வீட்டுக்குப் பேசப்போகிறார்கள், நெய்னா பெயரையும் வாசித்தார்கள் என்றார். சுலைகா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளை சுஹாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடினாள்.

யுத்தச் செய்தி, யாரோ ஒரு பெரிய மனிதரின் உபதேசம், எல்லாம் முடிந்து அவன் குரல் வந்தது. அவனேதான், அந்தக் கட்டைத் தொண்டை. இன்னைக்கி இங்கன ஞாயித்துக்கெழம, கடையெல்லாம் அடைப்பு, சண்டை வந்ததுலேருந்து வெள்ளக்காரன் கோயில் மணிகூட அடிக்கிறதில்ல என்றான். மாமாவுக்கும் மாமிக்கும் ஸலாம் சொன்னான். சுஹா பல்லு மொளைச்சிருச்சா என்று கேட்டான். பக்கத்துல தாஹா நிக்கிறான், நான் பேசுறது பொறுக்காம இருமுறான், கேக்குதா என்று சிரித்தான். கேட்டது. உன் இருமல் வீடு முழுக்கக் கேட்டது. உன் உம்மா அங்கேயே சுருண்டு உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். சுஹா மட்டும் அந்தக் குரலுக்குப் பயந்து வீறிட்டாள். அவளுக்கு அது யாரோ ஒரு ஆம்பளையின் குரல்.

தந்தி பொய் என்று ஊரே முடிவு கட்டியது. இன்னைக்கி ஞாயித்துக்கெழம என்று அவனே சொல்லிவிட்டானே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சீனி கிடைக்காத காலத்தில் உன் உம்மா கருப்பட்டிப் பாயசம் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்தாள். நானும் ஒரு கோப்பை குடித்தேன். 

மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறவன் அவன் பக்கத்தில் எப்படி நின்று இருமுவான், மகனே? நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், வேறொரு ஞாயிற்றுக்கிழமையில் உங்களைப் பேச வைத்துத் தட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்போது எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பாக்கர் வீட்டில் அதே மேசையில் கிராமபோன் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அதைப் பார்த்தும் யாருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு மட்டும் விளங்கிவிட்டது.

உன்னைக் கரையில் இறக்கிய அந்த இருமலுக்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரே சுலைகா சிரித்துக்கொண்டு நின்றாள். என்னைப் போல ஒரு தகப்பனை நான் எதிரிக்குக்கூடக் கேட்கமாட்டேன்.

பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டுப் பார்த்தேன். புருஷன் இறந்த நாளிலிருந்தே இத்தா கணக்கு ஓடும், சேதி தாமதமாக வந்து அதற்குள் நாள் முடிந்திருந்தால் பெண் உள்ளே இருக்க வேண்டியதில்லை என்றார். எனக்கு ஒரு திருட்டு யோசனை வந்தது. கப்பல் மூழ்கிய தேதியை மட்டும் நீ விசாரித்துக் கிட்டங்கிக்கு எழுதினால், நாள் தீரும்வரை நான் வாயைத் திறக்காமல் இருந்துவிடுவேன். அந்த இருட்டறை இல்லாமல் என் மகள் தப்பிவிடுவாள். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இந்த இடம்வரை எழுதிவிட்டு அஸர் தொழப் போனேன். திரும்பி வந்தால் சுலைகா மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் எழுதியதை அவள் படிக்கவில்லை. அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ்தானே அவளுக்குப் படிக்கத் தெரியும். அந்த எழுத்தில் எழுதிய ஒரு காகிதத்தை மடித்துக் கொடுத்து, இதையும் கவருக்குள் வையுங்கள் என்றாள். மேலே புருஷன் பெயர் இருக்கும் என்று பார்த்தேன். உன் பெயர் இருந்தது.

தந்தி வந்த அன்னைக்கி நீங்க தாஹா காக்கா பேரைச் சொல்லி அழவே இல்லையே வாப்பா, காக்கா அந்தக் கப்பல்ல இல்லைன்னு ஒங்களுக்கு முன்னமே தெரியும், அது எனக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு, மனசு ஒத்துக்காமத்தான் பொய்த் தந்தின்னு சாதிச்சேன் என்றாள். ரேடியோவுல குரலக் கேட்டதும் நாமதான் தப்பா நெனச்சுட்டோம்னு இருந்தேன், காக்கா இருமுனதும் ஒங்க மூஞ்சியப் பாத்தேன் என்றாள். உம்மா சிரிக்கிறதக் கெடுக்க மனசு வராம இத்தனை நாளும் ஓட்டிட்டேன் என்றாள். என் யோசனையைச் சொன்னேன். என்னை ஒளிச்சு வைக்காதீங்க வாப்பா, நான் அவுகளுக்காக இத்தா இருக்கணும் என்றாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். இன்று மஃரிபு தொழுகைக்குப் பிறகு அறைக்குள் போகிறாள். அதற்கு முன்னால் உன் உம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். நாளை ஆலிம்சாவிடம் சொல்லி, உடல் இல்லாமலே நெய்னாவுக்கு ஜனாஸா தொழ வைப்பேன்.

அவன் இறந்தானா என்று அந்தக் காகிதத்தில் அவள் உன்னைக் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் அங்கே போகும்போதும், பேசி முடித்துத் திரும்பும்போதும், ரேடியோவில் வராமல் அவன் வேறு என்னவெல்லாம் பேசினான் என்றுதான் கேட்டிருக்கிறாளாம். அவன் கேலியாகச் சொன்னதானாலும் ஒரு வார்த்தை விடாமல் எழுது. ஒரேயடியாக எழுத மூச்சு வாங்கினால் தினம் கொஞ்சமாக எழுது.

மருந்தைக் குடி. குளிரில் மார்பைத் திறந்து போடாதே. அன்று அவன் பேசியதை அவளுக்குச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை தாஹா. அதை எழுதவாவது உயிரோடு இரு.

அல்லாஹ்வின் காவலில் உன்னை ஒப்படைக்கும்,
உன் வாப்பா
ஜெய்னுலாபுதீன்