அவள் எழுந்து போன அறை

செவ்வாய், இரவு.

காவிரி மணலைப் பற்றிய என் ஆய்வுத் திட்டத்துக்கு டெல்லிக் கமிட்டி நிதி மறுத்துவிட்டது. வேலை முடிந்து திரும்பும்போது துவாக்குடி பஸ்ஸில் சக பேராசிரியர் சிரித்தார். "கமிட்டியில உங்க வீட்டம்மாவே இருந்தும் கிடைக்கலையா சார்?"

ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுமதியிடம் எரிந்து விழுந்தேன். தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "டெல்லி மீட்டிங்ல உங்க பேரு வந்ததும், இவர் என் வீட்டுக்காரர்னு சொல்லிட்டு வெளிய போயிட்டேங்க. நான் உள்ள இருந்து கிடைச்சிருந்தா, உங்க வேலைக்காகக் கிடைச்சதுன்னு யாரு நம்புவாங்க?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் நாளைக்கு பஸ்ஸில் அந்தப் பேராசிரியர் பக்கத்திலேயே போய் உட்காரப்போகிறேன். அவர் கேட்காவிட்டாலும், என் மனைவி எழுந்து வெளியே போனாள் என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன்.