கிழக்குக் கரைப் புதர்

4 மே 2008, ஞாயிறு

நாளை உத்தமபாளையத்திலிருந்து ஜேசிபி வருகிறது. கருவேலம் மண்டிக் கிடக்கும் எங்கள் கண்மாய்க்கு ஒருவழியாக விடிவு. தூர் வாரிவிட்டுக் கரைமேல் நடைபாதை, படகுத் துறை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். வரைபடம் போட்டது நான். ‘விவசாயிகள் சங்கச் செயலாளர்’ என்று கீழே பெரிதாகக் கையெழுத்தும் போட்டேன். கொஞ்சம் அலட்டல்தான், இருக்கட்டும். ஜூன் தொடக்கத்தில் அணைத் தண்ணீர் திறப்பதற்குள் முடிக்காவிட்டால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும்.

5 மே

நாற்பது பெண்கள் ஜேசிபி முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வரிசையில் என் மனைவி சந்தனம்மாள்! சங்கத் தலைவர் ஞானசிகாமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... காரணம் கேட்டால் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வண்டி திரும்பிப் போய்விட்டது.

6 மே

காரணம் வீட்டிலேயே கிடைத்தது. “கிழக்குக் கரைப் புதருதாங்க எங்களுக்கு மறைவு. அதையும் சிரைச்சுப்புட்டா பொம்பளைக ஒதுங்க எங்கன போவாக? அத்தன ஆம்பளைக முன்னால இத எப்படிச் சொல்றது?”

முப்பது வருடமாக விடியுமுன் செம்போடு போகிறாள், வருகிறாள். எங்கே என்று ஒருநாள் யோசித்திருப்பேனா? கொக்கு உட்காரத் திட்டு வரைந்திருக்கிறேன் — இவளுக்கு ஒன்றும் வரையவில்லை. என்ன மனுசன்யா நான்!

8 மே

கூட்டத்தில் சொல்லிவிட்டேன்: கரையில் இறக்கி வைத்திருக்கும் செங்கல்லை வைத்து முதலில் பெண்களுக்குக் கழிப்பறை. அதுவரை கிழக்குக் கரையில் கை வைக்கக்கூடாது. ஞானசிகாமணி குதித்தார். “படகுத் துறைக்கு இறக்குன செங்கல்லுய்யா அது! ஜூனுக்குள்ள முடியலேன்னா எல்லாம் போச்சு!”

வாசலில் நின்ற சந்தனம்மாள் விடவில்லை. “படகேறி எங்கனண்ணே போகப் போறீக? இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கா?”

அவரே சிரித்துவிட்டார். செங்கல் கைமாறியது.

9 மே

மற்ற மூன்று பக்கமும் வேலை தொடங்கியது. முடியுமா? பயமாகத்தான் இருக்கிறது.

30 மே

கழிப்பறை தயார். பத்துக் கதவு, குழாயில் தண்ணீர். பெண்களே வந்து, “இனி வெட்டிக்கங்க” என்றார்கள். இரண்டே நாளில் கிழக்குக் கரையையும் முடிக்க வேண்டும்.

1 ஜூன்

முடித்துவிட்டோம். படகுத் துறை மட்டும் இல்லை.

18 ஜனவரி 2009, ஞாயிறு

கண்மாய் நிறைந்து கிடக்கிறது. காமயகவுண்டன்பட்டியிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாயங்காலம் கிழக்குக் கரையில் எங்கள் தெருப் பெண்கள் பதினைந்து பேர் கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குப் போகலாமா என்று சந்தனம்மாளைக் கூப்பிட்டேன்.

“இருங்க. வெளிச்சத்துல இங்கன வந்து உக்காந்ததே இல்ல. மலைப்பக்கம் பொழுது விழுகுறது இம்புட்டு அழகாவா இருக்கும்?”

இருட்டிய பிறகும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.