இரண்டு கேட்டுக்கு நடுவே

ரயில்வே குவார்ட்டர்ஸ், தம்பானூர்,
திருவனந்தபுரம்.
24.8.1982

கர்த்தருக்குள் அன்பான ராஜையன் அண்ணனுக்கு,

தங்கை ரத்னாபாய் எழுதுவது. இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். நாக்பூரில் நீங்களும் மதினியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். லாரி இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்களே, சரியாகிவிட்டதா? இங்கே ஓணம் நெருங்குகிறது. சாலைக் கம்போளத்தில் கால் வைக்க இடமில்லை. நேந்திரங்காய் விலையைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் அளியன், என் வீட்டுக்காரர், சுகம் என்று நான் எழுதாததைக் கவனித்திருப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் அளியன் நாகர்கோவில் பாசஞ்சரை ஓட்டிக்கொண்டு போனார். நேமம் தாண்டி ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. கேட்டை அடைத்த பிறகுதான் கைகாட்டி இறங்கும். கைகாட்டி இறங்கியிருந்தால் வழி காலி என்று நம்பித்தான் டிரைவர்கள் வேகம் குறைக்காமல் வருவார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பிரேத ஊர்வலம் அங்கே வந்திருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து குடியிருக்கிறவர்கள். செத்தது சுடலைமாடத்தி என்ற அம்மாள். தூக்கிய பாடையை வழியில் நிறுத்தினால் வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது அவர்கள் பயம். கேட்கீப்பர் சத்தியதாஸ் மலையாளத்திலும் தமிழிலும் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல், முழங்காலை மடக்கி, பாடையோடு முதல் கேட்டுக்கு அடியில் நுழைந்துவிட்டார்கள்.

பாடைக்கு மேலே மூங்கில் வளைத்துப் பூக்கட்டிய தேர் மாதிரி ஒன்று வைத்திருந்தார்களாம். முதல் கேட்டில் எப்படியோ நுழைந்த அது, இரண்டாவது கேட்டில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கப் பின்னால் இழுத்தபோது, பாடை சரியாகத் தண்டவாளத்துக்கு மேல் வந்துவிட்டது. கொட்டுச் சத்தத்தில் அளியன் அடித்த ஹார்ன் யார் காதிலும் விழவில்லை. வண்டியைக் கண்ணால் பார்த்த பிறகு மூன்று பேர் விட்டுவிட்டு ஓடினார்கள். தலைமாட்டைப் பிடித்திருந்த மகன் லிங்கம் மட்டும் ஓடவில்லை. கீழே வைத்த பாடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம்.

பிரேக்கை முழுசாகப் போட்டுவிட்டால் டிரைவருக்கு வேறு வேலையே கிடையாதாம் அண்ணா. உங்கள் லாரி மாதிரி இடமோ வலமோ ஒடிக்க முடியுமா? அத்தனை பெட்டியும் அத்தனை ஜனமும் முதுகிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். கையைச் சும்மா வைத்துக்கொண்டு, எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். அளியன் அப்படித்தான் போயிருக்கிறார். வண்டி நின்றபோது இன்ஜினுக்கும் பாடைக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்ததாம். கர்த்தரின் கைதான் அது, வேறென்ன.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைக்கு வந்து படுத்தவர், இன்ஜின் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் வந்து, "செத்தவளைத்தானே வேய் இடிக்கப் பார்த்தீர், அதுக்கா இந்தப் பயம்?" என்று கேலி செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகுதான் என்னிடம் சொன்னார், இதற்கு முன்னால் இரண்டு தடவை எதிரே ஆள் நின்றும் வண்டி நிற்கவில்லை என்று. அந்த நாட்களில் வீட்டுக்குள் வராமல் வெளிக் குழாயடியிலேயே குளித்திருக்கிறார். கேட்டதற்கு கிரீஸ் என்றார், நானும் நம்பினேன். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறோம், என்னிடம் மூச்சு விடவில்லை பாருங்கள்.

ஆபீஸர் தங்கமான மனுஷர். மனசில்லையென்றால் எழுதிக் கொடுங்கள், ஷெட்டில் வேலை தருகிறேன் என்று திங்கட்கிழமை வரை தவணை சொன்னார். அண்ணனுக்குத் தெரியாதா, வண்டி ஓட்டாமல் ஷெட்டில் உட்கார்ந்தால் அவர் பட்டுப்போவார்.

போன வாரம் நானே பஸ் ஏறி அந்தக் கேட்டுக்குப் போனேன். ரயில் சத்தத்தில் பிள்ளை வளர்த்தவள், எனக்கு என்ன புதிது என்று நினைத்துத்தான் போனேன். சத்தியதாஸ் என்னைக் கேட் கம்புக்குப் பின்னால் நிறுத்தினார். முதலில் செருப்புக்கடியில் பூமி அதிர்ந்தது. அப்புறம் வளைவிலிருந்து அது வந்தது அண்ணா. மலை ஒன்று பெயர்ந்து வருகிறது, அதன் நெற்றியில் சின்னதாக ஒரு மனுஷ முகம். நாம் எல்லோரும் ரயிலைப் பார்க்கிறோம். அந்த முகம் நம்மைப் பார்த்துக்கொண்டே வருகிறது. இவ்வளவு பெரியதை ஒரு மனுஷனை நம்பியா ஓடவிட்டிருக்கிறார்கள் என்று வியந்தேன். அப்படி ஒரு மனுஷன்தான் என் வீட்டில் பழங்கஞ்சிக்கு மிளகாய் கேட்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்தால், வாசலில் மொட்டையடித்த ஒருவர் வாழைக்குலையோடு நிற்கிறார். அந்த லிங்கம்தான். அளியன் அவரை ஏறிட்டுப் பார்க்கவே பயந்தார். குனிந்தபடியே குலையை வாங்கி வைத்துவிட்டுத்தான், ஏன் ஓடவில்லை என்று கேட்டார்.

"அம்மைய விட்டுட்டு எங்க சார் ஓட? நீங்களும் இன்ஜின விட்டுக் குதிக்கலியே. கடைசி வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு வந்தீங்க. ரெண்டு பேரும் நின்னோம், அவ்வளவுதான்" என்றார்.

அளியன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். இத்தனை நாள் அடைத்துக் கிடந்தது அன்றைக்குத்தான் உடைந்தது. இனி அந்தப் பக்கம் எத்தனை சாவு விழுந்தாலும் கேட் திறக்கிற வரைக்கும் பாடையை இறக்கி வைப்போம், அம்மை மேல் ஆணை என்று சொல்லிவிட்டு லிங்கம் போனார். நேற்று அளியன் ஆபீஸில் போய் வண்டி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். இன்று விடியற்காலம் சோற்றுப் பாத்திரத்தோடு கிளம்பினார். தெரு திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்று பார்த்தேன்.

அண்ணன் கோபிக்கக் கூடாது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, மூடுகிற கேட்டுக்குள் லாரியை விட்டு மயிரிழையில் வெளியே எடுத்த கதையைச் சொன்னீர்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அளியன் மட்டும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனார். ஏனென்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அதனால் கேட்கிறேன். கேட்டில் நின்றால் வண்டி போகும்போது டிரைவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள், கையைத் தூக்கிக் காட்டுங்கள். பாஷை தெரியாவிட்டால் என்ன, அவருக்குப் புரியும். உங்கள் கால் எந்தக் கேட்டிலும் பிரேக்கை விட்டு எழாதபடி கர்த்தர் பார்த்துக்கொள்வாராக. உங்களுக்காகவும், எதிரே வருகிறவருக்காகவும் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
சாயங்கால வண்டிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் தங்கை,
ரத்னாபாய்